பலகைக்கு சீட் பெல்ட்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நடந்த முன்னேற்றம் அனைத்தும் சக்கரங்களைக் குறைத்துக்கொண்டே வந்ததுதான். நான்கு, மூன்று, இரண்டு, கடைசியில் ஒன்று. ஒற்றைச் சக்கரத்தின் மேல் நிமிர்ந்து நிற்கும் மனிதனே பரிணாமத்தின் உச்சி. இதை அவர் அலுவலகக் கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டில் சொன்னபோது மனைவி, "அந்த உச்சியக் கொஞ்சம் தள்ளி வைங்க. வாஷிங் மெஷின் பிளக்கப் புடுங்கிட்டு அதுக்கு சார்ஜ் போட்டிருக்கீங்க" என்றாள்.

உச்சி என்பது ஒரு பலகை. நடுவில் குண்டாக ஒரு டயர், அதற்கு முன்னும் பின்னும் கால் வைக்க இரண்டு பட்டைகள். பட்டைகளில் உப்புத்தாள் ஒட்டியதுபோல் சொரசொரப்பு. பக்கவாட்டில் திரும்பி நின்று முன்பக்கம் சாய்ந்தால் ஓடும், பின்பக்கம் சாய்ந்தால் மெதுவாகும். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது, உட்கார இடம் கிடையாது, மணி கிடையாது. அவர் அதை 'வாகனம்' என்றார். அவள் 'பலகை' என்றாள். அவளுடைய மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண்கள் 'சக்களத்தி' என்றார்கள்.

அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து மதிப்பீட்டாளர். யார் எங்கே எப்படி விழுந்தாலும் அந்தக் காகிதம் அவர் மேசைக்கு வரும். வந்த காகிதத்தின் அடியில் அவர் மிகவும் விரும்பி எழுதும் சொல் 'கவனக்குறைவு'. மனிதர்கள் விழுவதில்லை, விழும்படி நடந்துகொள்கிறார்கள் என்பது அவருடைய இத்தனை வருட அனுபவத்தின் சாரம். இவ்வளவு விபத்துகளைப் பற்றித் தெரிந்தவர் ஸ்டியரிங்கை எப்படித் தொடுவார்? தொட்டதே இல்லை. கல்யாணமானதிலிருந்து கார் ஓட்டுவது அவள்தான். காலையில் அவரை அலுவலகத்தில் இறக்கிவிட்டுத் தன் கடைக்குப் போவாள். வழி நெடுக அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊரைச் சொல்லிக்கொண்டே வருவார். ஊர் என்றால் கட்டடங்கள் இல்லை. "இந்த வளைவுலதான் பால் வண்டி கவுந்துச்சு. ஓட்டினவன் நாய் குறுக்க வந்துச்சுங்கறான். நாய விசாரிச்சேன், அது அந்தத் தெருவே கிடையாது." "இந்த பேங்க் வாசல்ல ஒருத்தர் கண்ணாடிக் கதவுன்னு தெரியாம உள்ள போயிட்டார்." அவளுக்கு இந்த ஊரின் வரைபடம் முழுக்க விழுந்தவர்களாலும் மோதியவர்களாலும் ஆனது. கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கிறாள். சில நாள் ரேடியோவைச் சத்தமாக வைத்திருக்கிறாள். அதற்கும் மேலே குரலை உயர்த்திச் சொல்வார்.

பலகை வந்ததும் ஒரு காகிதத்தின் வழியாகத்தான். தாடி வைத்த இளைஞன் ஒருவன் கோடை ஆரம்பத்தில் அதிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டான். வெயிலில் பலகை சூடேறித் தானாக நின்றுவிட்டது என்பது அவன் வாதம். விபத்துக்குள்ளான பொருளை நேரில் பார்ப்பது அவர் வழக்கம் என்பதால் அவன் வீட்டுக்கே போனார். பார்த்தார், தட்டினார், முகர்ந்தார். திரும்பி வந்து 'வெயில் என்பது பருவநிலை. காரணம் அல்ல' என்று எழுதி நிராகரித்தார். அந்த வாக்கியம் அலுவலகத்தில் புகழ்பெற்றது. ஆனால் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. ஆய்வின்போது, சுவரைப் பிடித்தபடி, அதன் மேல் ஒரு நிமிடம் ஏறி நின்று பார்த்தார். அது அவரைச் சுமந்துகொண்டு ஓரடி நகர்ந்தது. அந்த வாரம்தான் புதிதாக வந்த தலைமை மேலாளர், அவரைவிடப் பதினைந்து வயது சின்னப் பெண், மாடிப்படியில் அவரைப் பார்த்து, "சார், நீங்க ஏன் சிரமப்படறீங்க? லிஃப்ட்ல வாங்க" என்று மிகுந்த அன்போடு சொல்லியிருந்தாள். அந்த அன்பு அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஓரடி நகர்ந்தபோது முள் கொஞ்சம் அசைந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பலகையை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தாடிக்காரன் அதைக் கொடுத்துவிட்டு, நல்லபடியாக இருந்த ஒரு கையால் கும்பிடு போட்டானாம்.

முதல் வாரம் கார் நிறுத்தும் கொட்டகையில், தூணுக்குத் தூண். அவர் விழவில்லை. "வாகனமும் நானும் பிரிந்தோம்" என்றுதான் சொல்வார். முழங்கையில், முட்டியில், சொல்ல முடியாத ஒரு இடத்தில் என்று பல முறை பிரிந்தார்கள். இரண்டாம் வாரத்தில் தெருவுக்கு வந்தார். மூன்றாம் வாரத்தில், "இனிமே நான் ஆபீசுக்கு இதுலதான் போகப்போறேன். புகை இல்ல, சத்தம் இல்ல. இந்த பூமிக்கு நம்மளால ஆனது" என்று அறிவித்தார்.

பூமிக்கு ஆனதை அவர் செய்த முதல் நாள் அவள் எப்போதும்போல் கடைக்குக் கிளம்பினாள். வழி ஒன்றுதான் என்பதால் அவருக்குப் பின்னாலேயே போக வேண்டியிருந்தது. மறுநாள் அவர் கார் கதவைத் திறந்து தன் பையைப் பின்சீட்டில் வைத்தார். "நீ எப்படியும் அந்தப் பக்கம்தானே வர்ற?" அதற்கடுத்த நாள் தண்ணீர் பாட்டில் வந்தது. பிறகு மாற்றுச் சட்டை, துண்டு, முகம் துடைக்கும் ஈரக் காகிதம், பவுடர். நாளாக ஆகப் பலகையில் போகிறவர் மிக லேசாகவும் காரில் வருகிறவள் ஒரு சின்ன சலூன் அளவுக்கும் ஆனார்கள். ஒரே ஒரு நிபந்தனை. அலுவலகத் தெருமுனையில் ஒரு மருந்துக் கடை உண்டு. அங்கேயே பையைக் கொடுத்துவிட்டு அவள் வலப்பக்கம் திரும்பிவிட வேண்டும். "யாராவது பார்த்தா தப்பா நினைச்சுக்குவாங்க" என்றார். சரியாகத்தான் நினைப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பூமிக்கு அவர் மிச்சம் பிடித்த புகை முழுவதும் இரண்டாம் கியரில் அவருக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

அந்த வருடக் கோடை கொடுமையாக இருந்தது. குழாயைத் திறந்தால் காப்பி போடும் சூட்டில் தண்ணீர் வந்தது. நாய்கள் நின்ற கார்களுக்கு அடியில் இடம் பிடித்து வைத்திருந்தன. காக்கைகள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தன, சொல்ல வந்ததை மறந்துவிட்டவை போல. ஸ்டியரிங்கின் மேல் ஈரத்துண்டைப் போட்டு வைத்தால்தான் காலையில் தொட முடியும். கார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசியின் குளிரில் அவள் ஊர்ந்துபோவாள். முன்னால், கொதிக்கும் தார்ச்சாலையின் மேல், அவர். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தோளும் தலைக்கவசத்தின் பின்புறமும். முதுகில் வியர்வை ஒரு தீவு மாதிரி ஆரம்பித்து, வழியில் கண்டமாகி, மருந்துக் கடைக்கு முன்பே கடலில் முடியும்.

திரும்பிப் பார்க்க மாட்டார். அது வாகனத்தின் விதி. "தலை திரும்பினா தோள் திரும்பும். தோள் திரும்பினா இடுப்பு திரும்பும். இடுப்பு திரும்பினா வண்டி திரும்பிடும்" என்று விளக்கியிருக்கிறார். இதையே அலுவலகத்தில், 'திரும்பிப் பார்க்காதவனே முன்னேறுகிறான்' என்று சுருக்கிச் சொல்லி அதற்கும் கைதட்டு வாங்கியிருக்கிறார். அதனால் அவள் சிக்னலில் நிற்கும்போது முன்சீட்டு காலியாக இருந்தது. மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. சாயங்காலம் அவர் வீடியோ பார்ப்பார், ஒற்றைச் சக்கர வீடியோக்கள். உண்மையில் அவர்கள் பேசிக்கொண்டிருந்தது காலையில், காரில், அந்த அரைமணி நேரம்தான் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. பேசிக்கொண்டிருந்ததுகூட இல்லை. அவர் பேசினார், அவள் சலித்துக்கொண்டாள். ஆனாலும் அது இரண்டு பேர் செய்யும் காரியமாக இருந்தது. ஒருநாள் வளைவில் திரும்பும்போது, "இங்கதான் பால் வண்டி" என்று யாரோ சொல்வது கேட்டது. சொன்னது அவள்தான். அன்று கடையில் ஒருவருக்குக் கண் பரிசோதிக்கும்போது, இருப்பதிலேயே சின்ன எழுத்து வரியை வந்தவர் படித்து முடித்த பிறகும் அவள் அட்டையை இறக்க மறந்துவிட்டாள்.

சின்ன எழுத்து அவளுக்குத் தொழில். பலகையோடு வந்த கையேட்டையும் அவள்தான் படித்தாள். மற்றவர்களுடைய ஒப்பந்தங்களில் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டியே வாழ்நாள் முழுக்க நிராகரித்த மனிதர் தன்னுடைய கையேட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. "அதிக வெப்பத்துல மூக்கத் தூக்குமாம். தூக்கினா வேகத்தக் குறைச்சு எறங்கிடணுமாம். இல்லேன்னா நின்னுடுமாம்" என்று ஒருநாள் படித்துச் சொன்னாள். "அதெல்லாம் கம்பெனிக்காரன் தப்பிச்சுக்கறதுக்குப் போடறது. எனக்கா தெரியாது?" என்றார்.

இந்த நிலையில்தான் தலைமை மேலாளர் 'சுத்தக் காற்று வாரம்' கொண்டாடினாள். சுவரில் ஒரு மரத்தின் படம் ஒட்டினார்கள். காகிதக் குவளைகளை ஒழித்துவிட்டு, அவரவர் குவளை கொண்டுவர வேண்டும் என்று எல்லா மேசைகளுக்கும் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். வாரத்தின் கடைசி நாள் ஒரு சின்னப் படம் எடுப்பதாக ஏற்பாடு. கொளுத்தும் வெயிலிலும் பூமிக்காக ஒற்றைச் சக்கரத்தில் அலுவலகம் வரும் மூத்த அதிகாரி. தலைமையகத்துக்கே அனுப்புவார்களாம். "பதினொரு மணிக்கு வாங்க சார். அப்பத்தான் வெளிச்சம் நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

வழக்கமாக எட்டரைக்குக் கிளம்புகிறவர்கள். அன்று பத்து மணிக்குக் கிளம்பினார்கள். நாற்பத்தாறு டிகிரி தொடும், வெளியே வராதீர்கள் என்று காலையிலேயே ரேடியோ சொல்லியிருந்தது. அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பார்த்தார். மகள் போனில், "அப்பா, இந்த வெயில்லயா? அம்மா, நீயாவது சொல்லேன்" என்றாள். "நான் சொல்லி எந்தக் காலத்துல கேட்டார்? பின்னாடியே போறேன் விடு" என்றாள் அவள்.

தெருவில் ஆளே இல்லை. தூரத்துச் சாலை தண்ணீர் தேங்கியதுபோல் மினுங்கி, கிட்டப் போனதும் வற்றியது. தார் இளகிப் பளபளத்தது. போக்குவரத்துக் காவலர் நிழற்குடைக்குள் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, வண்டிகளைப் பார்க்காமலேயே கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். முன்னால் போன தோள் இன்று வழக்கத்தைவிட நிமிர்ந்திருந்தது. படத்துக்கான ஒத்திகை என்று அவளுக்குப் புரிந்தது. மேம்பாலத்தின் ஏற்றத்தில் பலகையின் முன்பக்கம் மெல்ல மேலே எழுந்தது.

அவள் ஹாரன் அடித்தாள். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டார் போல. மூக்கு இன்னும் உயர்ந்தது. அவர் அதை அடக்குவதற்காக இன்னும் முன்னால் சாய்ந்தார். அவள் விடாமல் ஹாரனை அழுத்தினாள். பாலத்தின் உச்சியைத் தாண்டி, இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்னால் இருக்கும் அந்தச் சமதளத்தில், பலகை ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் விட்டுவிட்டு நின்றது. அவர் நிற்கவில்லை. நாலைந்து எட்டு ஓட்டமும் நடையுமாகப் போய்த் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிரிந்தார்கள், ஆனால் கௌரவமாகப் பிரிந்தார்கள்.

அவள் காரை நிறுத்திவிட்டு இறங்கினாள். வெளிக்காற்று அடுப்பைத் திறந்ததுபோல் முகத்தில் அறைந்தது. அவர் சிவந்துபோய், உப்புப் பூத்து, உதடு காய்ந்து நின்றார். தாங்குவதற்காகக் கையை நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. அதப் பாரு மொதல்ல."

பலகையின் விளக்கு சிவப்பில் கண் சிமிட்டியது. தொட்டால் சுட்டது. அவர் ஒரு அடி எடுத்து வைத்தார். இடது கால் மட்டும் வந்தது. காலணியின் அடிப்பாகம் தாரிலேயே தங்கிவிட்டது. பசை இளகிப் பிரிந்திருந்தது. வலது காலணியும் வாயைப் பிளந்துகொண்டு அடுத்த எட்டுக்குக் காத்திருந்தது. சாலையில் கிடந்த அந்தக் கறுப்பு அடிப்பாகத்தை இருவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"நல்ல தோல்" என்றார் அவர். "கடைக்காரனோட கவனக்குறைவு."

"வண்டில ஏறுங்க."

"மணி என்ன?"

"ஏறுங்கன்னா ஏறுங்க. மயங்கி விழுந்தா எந்தக் கம்பெனிலயும் பணம் தர மாட்டான், உங்களுக்கே தெரியும்."

அவர் ஏறுவதற்கு முன் பலகை ஏறியது. ஆறினால்தான் ஓடும், ஆற வேண்டுமென்றால் ஏசிக்கு நேராக வைக்க வேண்டும், ஏசியின் காற்று நேராக வருவது முன்சீட்டுக்குத்தான். அவரே துண்டை விரித்து அதைப் பக்குவமாகச் சாய்த்து வைத்தார். கார் கிளம்பியதும் 'டிங் டிங்' என்று கத்த ஆரம்பித்தது. முன்சீட்டில் கனமான ஆள் யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாக அது நினைத்தது. அவள் ஓரம் கட்டி, எட்டி இழுத்து, பலகையின் இடுப்பைச் சுற்றி பெல்ட்டை மாட்டினாள். சத்தம் நின்றது. பின்சீட்டில் மாற்றுச் சட்டைக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் பூமியின் காவலர் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

"நீங்களும் போடுங்க பெல்ட்ட."

"பின்னாடியுமா?"

"பின்சீட்டுக்காரங்கதான் நெறைய பேர் போறாங்கன்னு யாரோ சொல்வாங்க."

போட்டுக்கொண்டார். தண்ணீரை மடமடவென்று குடித்தார், பாதி சட்டையில். கண்ணாடியில் அவர் முகம் அவளுக்குத் தெரிந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு காருக்குள் அவர் முகம். வியர்வையில் நனைந்து, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவன்போல், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. பாலம் இறங்கியது. வளைவு வந்தது. அவள் கியரை மாற்றியபடியே, பழக்கத்தில், வாய்க்குள், "இங்கதான் பால் வண்டி" என்றாள்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"இது ஐஸ் வண்டி. பால் வண்டி அடுத்த வளைவு."

"இங்கன்னுதான் சொன்னீங்க."

"நான் ஏன் சொல்றேன்? ஐஸ் வண்டி சாஞ்சது இங்க. போன கோடையில. டயர் வெடிச்சு அப்படியே படுத்துடுச்சு." அவர் முன்னால் நகர்ந்து, இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டார். "தூக்கி நிறுத்த ஆள் வர்றதுக்குள்ள ஐஸ் பூரா உருகி ஓடிடுச்சு. வண்டி அப்படியேதான் இருக்கு, ஒரு கீறல் இல்ல. சரக்குக்கு நஷ்டஈடு கேக்கறான். சரக்கு எங்கடான்னா, சாக்கடையக் காட்டறான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "குடுத்தீங்களா?"

"எப்படிக் குடுக்கறது? வெயில் என்ன காரணமா? வெயில்ங்கறது..."

நிறுத்திவிட்டார். அவருக்குப் பக்கத்தில், பெல்ட் மாட்டிக்கொண்டு, குளிர்காற்று வாங்கிக்கொண்டு, பலகையின் சிவப்பு விளக்கு நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

சிக்னலில் நின்றார்கள். "அந்தத் தாடிக்காரப் பையனும் இதத்தானே சொன்னான்?" என்றாள் அவள், கண்ணாடியைப் பார்க்காமல்.

"பார்க்கலாம்."

அவர் வாயில் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். புதுச் சோபா, மகளுடன் ஒரு பயணம், மாடி ஒழுகல் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் போய்த் திரும்பாதவை. ஆனால் இந்த முறை சொன்ன பிறகு அவர் பின்னுக்குச் சாயவில்லை. தலை அங்கேயே, அவள் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வியர்வையும் பவுடரும் கலந்த வாசனை.

"தெனமும் இந்த சிக்னல்ல நீ என்ன பண்ணுவ?" என்றார்.

"நிப்பேன்."

"நான் முன்னாடிதானே நிக்கறேன்."

"ஆமா. முன்னாடிதான் நிக்கறீங்க. ஒரு தடவ திரும்பிப் பார்த்தா என்னவாம்?"

"திரும்பினா விழுந்துடுவேன்டி."

"தெரியும். சும்மா சொன்னேன்."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் அவள் கிளப்பினாள்.

மருந்துக் கடை முனை வந்தபோது பதினொன்றுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. பலகையின் விளக்கு வெள்ளைக்கு மாறியிருந்தது. அவர் சட்டையை மாற்றினார், தலையை வாரினார். பிறகு காலைப் பார்த்தார். வெறுங்காலைச் சாலையில் வைக்க முடியாது. மருந்துக் கடைக்காரரிடம் காய்ச்சலுக்கு எல்லாம் உண்டு, காலுக்கு ஒன்றும் இல்லை. அவருக்குக் கால் சின்னது. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத விஷயம் அது. காலணிக் கடையில் ஒரு அளவு பெரிதாகக் கேட்டு வாங்கிப் பஞ்சு அடைத்துக்கொள்கிற மனிதர். அவள் குனிந்து தன் செருப்புகளைக் கழற்றிப் பின்பக்கம் நீட்டினாள்.

"இதையா?"

"வேற இருந்தா போட்டுக்கங்க."

"ஊதாவா இருக்கேடி. மேல பூ வேற."

"தூரத்துல இருந்துதானே எடுப்பாங்க. பேன்ட்ட எறக்கி விட்டுக்கங்க, தெரியாது."

போட்டுப் பார்த்தார். அளவாக இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் வருத்தமாக இருந்திருக்க வேண்டும். இறங்கி, முன்கதவைத் திறந்து, பலகையின் பெல்ட்டைக் கழற்றி, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாத்திரம்போல் சில்லிட்டிருந்த அதைச் சாலையில் வைத்தார். ஏறி நின்றார். விளக்கு எரிந்தது. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்து, "நீ திரும்பிடு, யாராவது பார்த்துடப் போறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாய்ந்தார்.

அவள் திரும்பவில்லை. என்ஜினை ஓடவிட்டு அங்கேயே நின்றாள். பிரேக்கின் மேல் வெறுங்கால் வைப்பது விசித்திரமாக இருந்தது. தெருவின் மறுகோடியில் அலுவலக வாசலில் ஒரு பெரிய குடைக்கு அடியில் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து நின்றார்கள். குடைக்கு வெளியே, வெயிலில், போனை இரண்டு கையாலும் பிடித்தபடி தலைமை மேலாளர். காவலாளி சல்யூட் அடிக்கத் தயாராக இருந்தார். அந்தக் குறுகிய தெருவில், வெண்மையான வெயிலுக்கு நடுவில், அவர் போய்க்கொண்டிருந்தார். தோள் நிமிர்ந்திருந்தது. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், அழகாகத்தான் இருந்தது. யாரோ விசில் அடித்தார்கள். கைதட்டல் அவள் மூடிய கண்ணாடி வழியாகத் தூறல்போல் கேட்டது.

வாசலுக்கு ஐந்தாறு எட்டு முன்னால், எந்தக் காரணமும் இல்லாமல், அவர் தலை திரும்பியது. மேலாளர் பக்கம் இல்லை. கேமரா பக்கம் இல்லை. பின்பக்கம். தெருமுனையில் கார் நிற்கிறதா என்று தேடியது. கண்டுபிடித்தது. ஒரு கை பாதி உயர்ந்தது.

பிறகு தோள் திரும்பியது. இடுப்பு திரும்பியது. வண்டி திரும்பியது.

வேகமே இல்லை. நடந்துபோகிறவர்கூட அவரை முந்தியிருக்கலாம். மிக நிதானமாக, அலுவலகம் முழுவதும் பார்க்க, அவர் படுத்தார். பலகை மட்டும் நல்லபடியாக வாசல் வரை போய் நின்றது. அவள் கண்ணாடியை இறக்கினாள். அனல் உள்ளே வந்தது, அதோடு குரல்களும். அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார், சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார், அடி ஒன்றும் இல்லை. "சார், சார், என்னாச்சு சார்? எப்படி விழுந்தீங்க?" என்று தலைமை மேலாளர் ஓடிவந்தாள். இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் அடுத்தவர்களிடம் கேட்டவர் கொஞ்சம் யோசித்தார்.

"வெயில் மேடம்" என்றார். "வெயில்தான் காரணம்."

அவள் முனையிலேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தாள். சிரிப்பு அடங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வேறு. காலியான முன்சீட்டில் பெல்ட் தளர்ந்து கிடந்தது. அதை எடுத்து ஒழுங்காகச் சுருளவிட்டாள். பிறகு வலப்பக்கம் திரும்பினாள்.

மத்தியானத்துக்குள் அந்தப் படம் அலுவலகக் குழுவிலிருந்து எல்லாக் குழுக்களுக்கும் போய்விட்டது. தலைக்கவசம் மறைப்பதால் அதில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. செருப்பு நன்றாகத் தெரிகிறது. ஊதா நிறம், மேலே துணியில் ஒரு பூ.